போனை அம்மாவின் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்

வாசகர் ஒருவரின் கடிதம், சற்றுச் சுருக்கி:

“என் அம்மாவுக்கு 78 வயது. நான்கு மாதத்துக்கு முன் நிமோனியா வந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு முன் எல்லா வேலையும் தானே செய்தவர், இப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். 52 கிலோ இருந்தவர் 46க்கு இறங்கிவிட்டார். எப்போதும் அசதி என்கிறார். பிசியோதெரபிஸ்ட் ஆறு தடவை வீட்டுக்கு வந்தார், அப்புறம் தொடரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ‘முதியோர் உடற்பயிற்சி’ செயலி ஒன்றை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் ஆர்வமாகச் செய்தார். பதினோராவது நாள் போனைக் கையில் பிடித்துப் பார்த்தபடியே ஒரு காலைத் தூக்கியவர், தடுமாறி அலமாரியில் இடித்துக்கொண்டார். பெரிய அடி இல்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டார். செயலியோ தினமும் ‘இன்றும் தவறவிட்டீர்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தினசரி இலக்கு 10,000 காலடி, அம்மாவின் கணக்கு 600. ‘எனக்கு எதுக்குடி இதெல்லாம்’ என்கிறார். அண்ணன் தொடரச் சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. செயலியை வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா? எது நல்ல செயலி? அம்மா தேறுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் பதினோராவது நாளிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த சின்ன ஆய்வு ஒன்று எங்கள் தொழிலில் ரொம்பப் பிரபலம். 1997இல் வெளியானது. 58 பேரோடு கூடவே நடந்து, நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். உடம்பு தளர்ந்தவர்களுக்கு நடையும் நிற்பதும் தானாக நடக்கிற காரியம் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் கவனம் வேண்டியிருக்கிறது. அந்தக் கவனத்தைப் பேச்சு இழுத்தால் கால் நின்றுவிடுகிறது.

உங்கள் அம்மா ஒற்றைக் காலில் நின்றார், கையில் போனைப் பிடித்தார், குனிந்து திரையைப் பார்த்தார், அதில் வருகிறவர் எந்தக் காலைத் தூக்குகிறார் என்று யோசித்தார். ஒரே நேரத்தில் நான்கு வேலை. பிடித்துக்கொள்ள இருந்த ஒரு கையும் போனிடம் போய்விட்டது. மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டிருந்தால், குனியும்போது தரையும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். தடுமாறியது அவர் தப்பில்லை என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். என்னையே அப்படி நிற்கச் சொன்னால் ஆடித்தான் போவேன்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: செயலி இருக்கலாம், ஆனால் அது உங்களுக்கும் அண்ணனுக்கும் உரியது. அம்மாவின் கையில் போன் வேண்டாம். நினைவுபடுத்த, எண்ண, எழுதி வைக்க அது நல்ல எடுபிடி ஆள். பயிற்சி சொல்லித் தருகிற வாத்தியார் வேலைக்கு அது லாயக்கில்லை, குறைந்தபட்சம் உங்கள் அம்மா இன்றிருக்கும் நிலையில்.

அந்த நிலை என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். மருத்துவர்கள் இதை ‘ஃப்ரெயில்டி’ என்பார்கள். தளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். வயதானால் வருகிற சாதாரணச் சோர்விலிருந்து இது வேறு. இதை அடையாளம் காண 2001இல் அமெரிக்காவில் லிண்டா ஃப்ரீட் என்ற மருத்துவரின் குழு ஐந்து அறிகுறிகளை வரையறுத்தது: முயற்சி எடுக்காமலே ஓராண்டில் 4.5 கிலோவுக்கு மேல் எடை குறைவது, தீராத அசதி, கைப்பிடியில் வலுக் குறைவு, மெதுவான நடை, நடமாட்டம் குறைந்துபோவது. மூன்று இருந்தாலே தளர்ச்சி. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நான்கு தெரிகிறது.

எடை விஷயத்தை மட்டும் பயிற்சியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். 52இலிருந்து 46 என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். நிமோனியா ஒன்றே காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. தைராய்டு, மனச்சோர்வு, பல் பிரச்சினை, பசியை அடக்கும் மாத்திரை, அதைவிடப் பெரிய நோய் என்று காரணம் பலவாக இருக்கலாம். மருத்துவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லி, மாத்திரைப் பட்டியலையும் முழுதாகக் காட்டுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை என்பது முதியவர்களுக்கான பொதுவான கணக்கு. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கை எவ்வளவு வேகமாகச் சதையைக் கரைக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. நோய் எதுவும் இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் படுக்கைதான். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. உங்கள் அம்மா 11 நாள் படுத்திருந்தார், நோயோடு.

சரி, போனது திரும்புமா? திரும்பும். 1990இல் பாஸ்டனில் சராசரி 90 வயதைத் தொட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தொடையின் வலு இரண்டரை மடங்குக்கும் மேலாக ஏறியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, பயிற்சி உண்மையிலேயே பாரமாக இருக்க வேண்டும். இரண்டு, விடாமல் தொடர வேண்டும். முதியோருக்கு என்று வருகிற செயலிகளைத் திறந்து பார்க்கிறபோது எனக்கு எரிச்சல் வருவது முதல் விஷயத்தில்தான். இனிமையான இசை, நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை மேலே கீழே ஆட்டுவது, விரலை மடக்கி நீட்டுவது. உற்சாகமாக இருக்கும், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் செய்துகொண்டிருந்தால் கழிவறையிலிருந்து தானாக எழுந்திருக்கும் வலு தொடைக்கு வராது. இரண்டாவது விஷயத்தில், அதாவது தொடர வைப்பதில், போன் நிஜமாகவே உதவும்.

அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, அளவோடு. ஆஸ்திரேலியாவில் ‘ஸ்டாண்டிங் டால்’ என்ற பெயரில் டேப்லெட்டில் இயங்கும் சமநிலைப் பயிற்சித் திட்டம் ஒன்றை 70 வயதுக்கு மேற்பட்ட 503 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. முதல் ஆண்டில் விழுவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டு முடிந்தபோது பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 16 சதவீதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் தனியாகத் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டவர்கள். சுவரைப் பிடித்து நடக்கிற ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த நான் தயாரில்லை. இதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே நியூசிலாந்தில் ‘ஒட்டாகோ’ பயிற்சி முறை உருவானது. பயிற்சியாளர் நாலைந்து தடவை வீட்டுக்கு வருவார், காலில் எடைப்பட்டை கட்டிப் பயிற்சி தருவார், வராத நாட்களில் போன் செய்து விசாரிப்பார். விழுவது 35 சதவீதம் குறைந்தது. அங்கேயும் போன்தான் வேலை செய்தது. மணி அடித்து, எடுத்தால் ஒரு மனிதர் பேசுகிற போன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. அம்மா படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அல்லது கீழ் எண் 10 இறங்கினால், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி. பிரஷர் மாத்திரையை மாற்றவேண்டி வரலாம். ‘எழுந்தாலே கிறுகிறுங்குது’ என்று அம்மா சொல்லியிருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கூடவே, அந்த ஆறு தடவை வந்தவரையோ வேறொரு பிசியோதெரபிஸ்டையோ இன்னும் ஒரு முறை வரவழையுங்கள். கீழே நான் சொல்பவற்றில் எது அம்மாவுக்கு இப்போது சரி, எது இன்னும் ஒரு மாதம் கழித்து என்று நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

பயிற்சியின் நடுநாயகம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. ஆடாத, கைப்பிடியுள்ள, கனமான நாற்காலி, முதுகு சுவரோடு ஒட்டி. லேசான பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு போய்விடும். உட்காரும் உயரம் ஏறத்தாழ 43 செ.மீ. எழவே முடியவில்லை என்றால் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கையை ஊன்றி எழலாம், தப்பில்லை. எழுவதைவிட உட்கார்வதில் கவனம் வையுங்கள்: தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரத்தில் மெல்ல இறங்கவேண்டும். தொடைக்கு அங்கேதான் வேலை. ஐந்து தடவை, ஓய்வு, மறுபடி ஐந்து. கடைசி இரண்டு தடவை ‘போதும்மா’ என்று சொல்லத் தோன்ற வேண்டும், ஆனால் பேச மூச்சு இருக்க வேண்டும். பத்தும் சுலபமாகிவிட்டால் உயரத்தைக் குறையுங்கள், அப்புறம் ஒரு கையை மட்டும் ஊன்றச் சொல்லுங்கள், அப்புறம் கையே இல்லாமல். படிப்படியாகப் பாரத்தை ஏற்றுவது என்றால் இதுதான். காசு கட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, ஆடாத மேடையையோ கனமான மேஜையையோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. சமநிலைக்கு, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் பெருவிரலுக்குப் பக்கத்தில் வரும்படி நின்று, பத்து வரை எண்ணுவது. ஒற்றைக் காலில் நிற்பது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். செயலி அதை முதல் வாரத்திலேயே செய்யச் சொன்னது என்றால், அந்தச் செயலியைப் பற்றி நான் தெரிந்துகொள்ளவேண்டியது அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதுக்கு மேல் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது. வீட்டுக்குள்ளே நடப்பது தினமும்.

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல், பேச முடியாத அளவு மூச்சுவாங்கல், திடீரென்று ஒரு பக்கம் வலுவில்லாமல் போவது: இதில் எது வந்தாலும் நிறுத்தி உதவிக்குக் கூப்பிடுங்கள். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்பி ‘இன்னும் வேகமாகச் செய்யலாம்’ என்று போகவேண்டாம். சில பிரஷர், இதய மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். கடிகாரத்துக்கு அது தெரியாது.

போன் எங்கே வேண்டும்? அம்மாவின் எதிரில், அவர் நிற்கும்போது கண்ணுக்கு நேரான உயரத்தில், ஓர் அலமாரித் தட்டில். முடிந்தால் டிவியில் போடுங்கள், இன்னும் நல்லது. பயிற்சியின் அசைவை உட்கார்ந்தபடியே முதலில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். செய்யும்போது திரை அணைந்திருக்கட்டும், காதுக்கு மட்டும் வேலை. எண்ணிக்கையைக் குரலில் சொல்கிற செயலி என்றால் பயன்படும். இல்லாவிட்டால் நீங்கள் எண்ணுவதை ஒரு முறை பதிவு செய்து ஓடவிடுங்கள். என்னைக் கேட்டால் அம்மாவுக்கு உங்கள் குரல்தான் பிடிக்கும், அதுவும் அவருடைய வேகத்துக்கு எண்ணுகிற குரல். செயலியில் வருகிற ஆட்கள் எப்போதும் அவசரப்படுகிறார்கள். அம்மா தனியாக இருக்கும்போது நின்று செய்கிற பயிற்சி எதுவும் வேண்டாம், கொஞ்ச காலத்துக்காவது.

நல்ல செயலி எது என்று பெயர் சொல்லமாட்டேன். அடுத்த வருடம் அதே பெயரில் வேறு சரக்கு இருக்கும். ஆனால் திறந்த ஐந்து நிமிடத்தில் தரம் தெரிந்துவிடும். முதல் பயிற்சிக்கு முன் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, வாக்கர் உண்டா, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் செய்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வயதும் எடையும் மட்டும் கேட்டுவிட்டு உடனே வீடியோவுக்குப் போனால் மூடிவிடுங்கள். எழுத்து பெரிதாக வருகிறதா, நம் மொழியில் பேசுகிறதா, நடுவில் விளம்பரம் குதிக்கிறதா என்பதும் முக்கியம். காலைத் தூக்கி நிற்கும்போது விளம்பரம் வந்து சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. தொடர்புப் பட்டியல், இருப்பிடம் எல்லாம் கேட்டால் மறுத்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து எழ அது எதற்கு?

‘தவறவிட்டீர்கள்’ என்று வருகிற நோட்டிஃபிகேஷனை இன்றே அணையுங்கள். ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு அந்தக் குத்தல் உறைக்கலாம். அசதியோடு போராடுகிறவருக்கு அது தினமும் ஒரு அவமானம். அந்த 10,000 அடியையும் தூக்கிப் போடுங்கள். அது 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடியெண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண், மருத்துவக் கணக்கு அல்ல. சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019இல் வந்த பெரிய ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் இல்லை. உங்கள் அம்மாவின் 600 என்பதையும் நான் நம்பமாட்டேன். மெதுவாக, காலை இழுத்து நடக்கிறவர்களின் அடிகளில் பலவற்றை இந்தக் கருவிகள் எண்ணுவதே இல்லை. வாக்கரைப் பிடித்திருந்தால் மணிக்கட்டு அசையாது, கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர் உட்கார்ந்தேதான் இருக்கிறார். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போனாலும் அதே கதை.

தேறுகிறாரா என்று பார்க்க இரண்டு அளவு போதும். முதலாவது, 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நிற்கிறார் என்பது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு செய்வது முறை. 75 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழே இருந்தால் விழும் அபாயம் உண்டு என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு. கையை ஊன்றினால் அந்தக் கணக்கில் பூஜ்யம். பரவாயில்லை, நீங்கள் ‘கையோடு 4’ என்று எழுதிக்கொள்ளுங்கள், நமக்கு அம்மாவின் முந்தைய எண்தான் போட்டி. இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எடுக்கும் நேரம். 12 நொடிக்கு மேல் என்றால் கவனம் தேவை. நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதே நாற்காலி, அதே செருப்பு, நாளின் அதே நேரம், பக்கத்தில் நீங்கள் நின்றபடி. போனில் இருக்கும் நிறுத்துக்கடிகாரமும் குறிப்பேடும் இதற்குப் போதும். சொல்லப்போனால், நான் பார்த்த வீடுகளில் அதிகம் பயன்பட்ட இரண்டு செயலிகள் அவைதான்.

இரண்டு முறை எண் ஏறவே இல்லை என்றால் பயிற்சி லேசாக இருக்கிறது அல்லது உடம்புக்குள் வேறு ஏதோ இருக்கிறது. இரண்டையும் நேரில்தான் பார்க்க வேண்டும்.

‘எனக்கு எதுக்குடி’ என்று கேட்டாரே, அதைச் சலிப்பாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காக? அவரையே கேளுங்கள். ‘ஆரோக்கியமாக இருக்க’ என்று நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ராத்திரி உங்களை எழுப்பாமல் பாத்ரூம் போகவேண்டும் என்று அவர் மனதில் இருக்கலாம். நான் பார்த்த பலருக்கு அதுதான் முதல் ஆசை, வெளியே சொல்லத்தான் கூச்சம். அது தெரிந்துவிட்டால் நாற்காலிப் பயிற்சிக்கு அர்த்தம் வந்துவிடும். அதே உயரம், அதே எழுதல்.

கடைசியாக உங்கள் அண்ணன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், தூரத்திலிருந்து எதையாவது செய்ய நினைத்திருக்கிறார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். வாரம் மூன்று நாள், குறித்த நேரத்தில் வீடியோ காலில் வந்து அம்மாவுக்கு எண்ணட்டும். நீங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் அலமாரித் தட்டில். போனைச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் வைத்து, அம்மாவின் தலையிலிருந்து பாதம் வரை அவருக்குத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சுதான் நடக்கும். பேச்சு வேண்டும்தான், ஆனால் அம்மா உட்கார்ந்த பிறகு.